பிடிக்காத பொருளைத் திருப்பி அனுப்பும் தபால் செலவு யாருடையது?

ஆன்லைன் சந்தையில் மேசை விளக்கு வாங்கிய ஒருவரின் கேள்வி இது: "விளக்கு வந்து சேர்ந்தது. நான் நினைத்ததைவிட ரொம்பப் பெரிதாக இருக்கிறது, என் மேசைக்கு ஒத்துவராது. திருப்பி எடுத்துக்கொள்வதாக விற்றவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அனுப்பும் செலவு என்னுடையது என்கிறார். கூரியரில் விசாரித்தால் விளக்கின் விலையில் கிட்டத்தட்டப் பாதி கேட்கிறார்கள். முதலில் நான் கட்டிய டெலிவரி கட்டணமும் திரும்ப வராதாம். இது நியாயமா? செலவைக் குறைக்க வழி உண்டா?"

மனம் மாறித் திருப்புகிறீர்கள் என்றால், செலவு உங்களுடையது என்று அவர் சொல்வது பெரும்பாலான இடங்களில் சரிதான். பொருளில் குறை இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்றாலோ அந்தச் செலவு விற்றவரைச் சேர்ந்தது. உங்கள் விளக்கு இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்பதை நீங்களும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. அதற்குள் இருவரும் கூரியர் கட்டணத்தைப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள்.

முதலில் ஓர் அளவு டேப்பை எடுங்கள். அடிப்பாகத்திலிருந்து மூடியின் உச்சி வரை விளக்கு எத்தனை செ.மீ. என்று அளந்து, டேப்போடு சேர்த்து ஒரு படம் எடுத்துவையுங்கள். அப்புறம் நீங்கள் வாங்கிய பக்கத்துக்குப் போய், விவரப் பகுதியில் உயரம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அங்கே 38 செ.மீ. என்று இருந்து கையில் இருப்பது 52 செ.மீ. என்றால் இது "பிடிக்கவில்லை" என்ற கணக்கில் வராது. சொன்னதற்கு மாறான பொருள். திருப்பி அனுப்பும் செலவு முழுக்க அவருடையது. அங்கேயும் 52 என்றே போட்டிருந்து நீங்கள் கவனிக்காமல் வாங்கியிருந்தால், அவர் மேல் தவறில்லை. அளவே போடாமல், சின்ன மேசையில் வைத்தது போன்ற படம் மட்டும் இருந்தால் பேச இடமிருக்கிறது. அந்தப் படத்தில் பக்கத்தில் இருக்கும் பேனாவோ கோப்பையோ விளக்கைச் சிறியதாகக் காட்டினால், படம் தவறான எண்ணம் தருகிறது என்று நீங்கள் வாதிடலாம். எதுவாக இருந்தாலும் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டே அடுத்த வேலையைப் பாருங்கள். புகார் வந்த பிறகு விவரம் திருத்தப்படுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், நான் சில வருடம் ஓர் இணையக் கடையின் ரிட்டர்ன் மேசையில் வேலை பார்த்தேன். திரும்பி வரும் ஒவ்வொரு பெட்டியோடும் "காரணம்" என்று ஒரு வரி வரும். வாங்கியவர் ரிட்டர்ன் கேட்கும்போது பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்த அதே வரி. கூரியர் செலவு யார் கணக்கில் ஏற வேண்டும் என்பதை அந்த வரியைப் பார்த்துத்தான் கணினி முடிவு செய்யும். "மனம் மாறிவிட்டது" என்றால் வாங்கியவர் கணக்கு. "விவரத்தில் உள்ளது போல் இல்லை", "சேதமடைந்து வந்தது", "வேறு பொருள் வந்தது" என்றால் கடையின் கணக்கு. பெட்டியைத் திறக்கும் முன்பே பணத்தின் பாதை தீர்மானமாகியிருக்கும். உடைந்த பொருளைப் பெற்ற பலர், பட்டியலில் முதலில் கண்ணில் பட்டது என்பதற்காக "இனி வேண்டாம்" என்று அழுத்திவிட்டு, பிறகு செலவைக் கட்டச் சொல்கிறார்கள் என்று தவித்திருக்கிறார்கள். பின்னால் மாற்றலாம்தான், ஆனால் அதற்குள் நாலைந்து மின்னஞ்சல், ஒரு வாரம் போய்விடும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். செலவைத் தவிர்ப்பதற்காக நல்ல பொருளைப் "பழுது" என்று குறிப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். மேசையில் வைத்து சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், பொய் வெளிப்பட்டுவிடும். அதைவிடப் பெரிய விஷயம், இந்தச் சந்தைகளில் விற்பவர்களில் நிறையப் பேர் வீட்டிலிருந்தே நடத்தும் சின்ன வியாபாரிகள். பொய்யான ஒரு புகாரில் இரண்டு வழிச் செலவும் அவர்கள் தலையில் விழும், அவர்களுடைய தரமதிப்பும் இறங்கும். அந்த மாத லாபமே போய்விடும் என்ற நிலையில் இருப்பவர்களை நேரில் எனக்குத் தெரியும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் எங்கே இருந்தாலும் மூன்று தொகைகளைப் பிரித்துப் பாருங்கள்: பொருளின் விலை, உங்களிடம் வந்து சேர நீங்கள் கட்டிய டெலிவரி கட்டணம், திருப்பி அனுப்பும் செலவு. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பாதித் தகராறுகள் வருகின்றன. உங்கள் கேள்வியிலும் இரண்டாவதும் மூன்றாவதும் கலந்து கிடக்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011-இல் வந்த நுகர்வோர் உரிமை நெறிமுறை 2014 ஜூன் 13 முதல் நடைமுறையில் இருக்கிறது. இணையத்தில் ஒரு வணிகரிடம் வாங்கிய பொருளை, கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்ன நாளிலிருந்து இன்னொரு 14 நாளுக்குள் அனுப்பிவைக்க வேண்டும். வணிகர் பொருளின் விலையோடு முதல் டெலிவரி கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். ஆனால் சாதாரண டெலிவரிக்கு உரிய தொகைதான் கிடைக்கும். அவசரம் என்று நீங்கள் கூடுதலாகக் கட்டி வரவழைத்திருந்தால் அந்தக் கூடுதல் பகுதி வராது. திருப்பி அனுப்பும் செலவு வாங்கியவருடையது. இதில் பலருக்குத் தெரியாத ஒரு விலக்கு இருக்கிறது: அந்தச் செலவை நீங்கள்தான் ஏற்க வேண்டும் என்று வணிகர் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் செலவு அவருடையது. திரும்பப் பெறும் உரிமை இருப்பதையே சொல்லாமல் விட்டிருந்தால், அந்த 14 நாள் இன்னும் 12 மாதம் நீளும்.

முதல் டெலிவரி கட்டணம் பற்றிய இந்த விதிக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. ஜெர்மனியில் ஹைன்ரிச் ஹைன என்ற தபால்வழி விற்பனை நிறுவனம், பொருளைத் திருப்பினாலும் முதல் டெலிவரி கட்டணத்தைத் தராது என்று விதி வைத்திருந்தது. நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. 2010 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம், அப்படிப் பிடித்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. டெலிவரி கட்டணம் போய்விடும் என்ற பயமே மக்களைத் திருப்பி அனுப்பவிடாமல் தடுக்கும் என்பதுதான் அதன் சாரம். அந்தக் காலத்தில் ஜெர்மனியில் பொருளின் மதிப்பு 40 யூரோவைத் தாண்டினால் திருப்பி அனுப்பும் செலவும் பொதுவாக விற்பவருடையதாக இருந்தது. 2014-இல் புதிய நெறிமுறையோடு அந்தச் சலுகை போய்விட்டது. முதல் டெலிவரி கட்டணம் பத்திரம், திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது என்ற இன்றைய ஏற்பாடு இப்படித்தான் வந்தது.

பிரிட்டனில் இதே அமைப்பு 2013-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் இருக்கிறது. பொருளில் குறை இருந்தால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொதுவாக 30 நாளுக்குள் நிராகரிக்கலாம். அப்போது தபால் செலவு உட்பட நியாயமான திருப்பிச் செலவை வணிகர்தான் ஏற்க வேண்டும். இந்தியாவில் மனம் மாறியதற்காகத் திருப்பும் பொதுவான உரிமை சட்டத்தில் கிடையாது, அது அந்தந்தக் கடையின் கொள்கை. ஆனால் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி பொருள் பழுதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமலோ இருந்தால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. திருப்பி அனுப்பும் செலவு பற்றிய தகவலையும் தெளிவாகக் காட்ட வேண்டும். கடையோ தளமோ நியமித்த குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சீனாவில் 2014 மார்ச் 15 முதல் 7 நாள், காரணம் கேட்காத ரிட்டர்ன் உண்டு. வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் சரக்குக் கட்டணம் வாங்கியவருடையது. அங்கே அந்தக் கட்டணத்துக்கென்றே தனிக் காப்பீடு விற்கிறார்கள், ஆர்டரோடு சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் பிடிக்காத பொருளை இணையக் கடை திரும்ப எடுக்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. வீடு தேடி வந்து விற்பவர்களுக்கான மூன்று நாள் விதியை இணையத்துக்கும் பொருந்தும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பொருந்தாது.

இதில் எல்லா இடத்துக்கும் பொதுவான ஒரு கண்ணி, நீங்கள் வாங்கியது வணிகரிடமா தனிநபரிடமா என்பது. மேலே சொன்ன 14 நாள் உரிமை வணிகரிடம் வாங்கியதற்கு மட்டும்தான். தன் வீட்டில் கிடந்த பழைய விளக்கை ஒருவர் விற்றிருந்தால், மனம் மாறியதற்காக அவர் திரும்ப எடுக்கக் கடமைப்பட்டவர் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல், விற்பவர் வணிகரா இல்லையா என்பதைச் சந்தைத் தளமே காட்ட வேண்டும். மற்ற இடங்களில் விற்பவரின் பக்கத்தில் அவர் என்னென்ன, எவ்வளவு விற்கிறார் என்று பார்த்தாலே புரிந்துவிடும். ஒரே விளக்கில் 200 எண்ணம் இருப்பு வைத்திருப்பவர் தனிநபர் என்று சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

திரும்ப எடுக்காத வகைகளும் உண்டு: உங்கள் பெயர் பொறித்துச் செய்தவை, கெட்டுப்போகும் பொருள்கள், சுகாதாரக் காரணத்துக்காக முத்திரையிட்டு வந்து நீங்கள் திறந்துவிட்டவை. ஆனால் "பிரித்துவிட்டீர்கள், அதனால் முடியாது" என்று சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்க வேண்டாம். மெத்தையின் மேலிருந்த பாதுகாப்பு உறையைக் கிழித்த ஒருவரின் வழக்கில், அதனால் திருப்பும் உரிமை போய்விடாது என்று 2019 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. துணியைப் போட்டுப் பார்ப்பது போலத்தான் அதுவும், சுத்தம் செய்து மறுபடி விற்கலாம் என்பது நீதிமன்றத்தின் விளக்கம். ஒரு கடையில் நின்று எவ்வளவு தொட்டுப் பார்ப்பீர்களோ அவ்வளவு வீட்டிலும் பார்க்கலாம். அதற்கு மேல் பயன்படுத்தித் தேய்ந்திருந்தால் விலையில் கழிப்பார்கள், அது நியாயம்.

சந்தைத் தளத்தின் சொந்த விதி சட்டத்தைவிடத் தாராளமாக இருக்கலாம், அதனால் அதையும் தவறாமல் படியுங்கள். ஈபே போன்ற இடங்களில் விளம்பரத்துக்கு மாறான பொருள் வந்தால், திருப்பி அனுப்பும் செலவு விற்றவருடையது என்பது தளத்தின் உத்தரவாதத்திலேயே இருக்கிறது. மனம் மாறியதற்கு விற்பவர் போட்டிருக்கும் ரிட்டர்ன் கொள்கை பொருந்தும். அந்தக் கொள்கை பொருளின் பக்கத்தில் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். "இலவச ரிட்டர்ன்" என்று அங்கே இருந்துவிட்டால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

இனி செலவைக் குறைக்கும் விஷயம். உங்கள் விளக்குக்குப் பாதி விலை ஏன் கேட்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? விளக்கு 2 கிலோ கூட இருக்காது. கூரியர்காரர்கள் தராசை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்றும் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.-இல் பெருக்கி, வழக்கமாக 5,000-ஆல் வகுப்பார்கள். வருவதுதான் கன அளவு எடை. அதுவும் உண்மையான எடையும் எது அதிகமோ அதற்குப் பணம்.

உங்கள் விளக்கு வந்த வெளிப்பெட்டி 60, 40, 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 96,000. 5,000-ஆல் வகுத்தால் 19.2 கிலோ. 2 கிலோ விளக்குக்கு 19 கிலோவின் கட்டணம் கேட்கிறார்கள். பெரும்பாலான மேசை விளக்குகளில் மேல்மூடி ஒரு வளையத்தைத் திருகினால் கழன்று வந்துவிடும். பல்பையும் கழற்றித் தனியே சுற்றுங்கள். தண்டை மூடியின் உள்ளே செருகி, இடையில் துணியோ நுரைத்தாளோ திணித்தால் இரண்டும் ஒரே இடத்தில் அடங்கும். 40, 32, 32 செ.மீ. பெட்டி போதும். கணக்குப் போடுங்கள்: 40,960-ஐ 5,000-ஆல் வகுத்தால் 8.2 கிலோ. கட்டணத்துக்குரிய எடை பாதிக்கும் கீழே வந்துவிட்டது, பொருளில் ஒன்றும் மாறவில்லை. பொருளுக்கென்று அச்சிட்ட சொந்தப் பெட்டி இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது பொருளின் பகுதி. வெளியே இருக்கும் பழுப்பு அட்டைப்பெட்டியைத்தான் மாற்றச் சொல்கிறேன். தலையணை, குளிராடை போன்றவற்றைக் காற்றை வெளியேற்றி மடித்தால் இன்னும் சுருங்கும்.

தபால் நிலையத்திலும் ஒரு முறை விசாரியுங்கள். பல அஞ்சல் சேவைகளில் ஒரு அளவுக்குள் அடங்கும் பார்சலுக்கு உண்மையான எடைதான் கணக்கு. கனம் குறைந்து இடம் அடைக்கும் பொருளுக்குத் தபாலும், சின்னதாக கனமாக இருக்கும் பொருளுக்குக் கூரியரும் ஒத்துவருவது என் அனுபவம். வீட்டுக்கே வந்து எடுக்கும் பிக்கப்பைவிட, நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கும் மையமோ பார்சல் பெட்டகமோ மலிவு.

எல்லாவற்றையும்விடப் பலன் தரும் வழி ஒன்று உண்டு, அதைக் கேட்பவர்கள் குறைவு. விற்பவரிடமே ரிட்டர்ன் லேபிள் கேளுங்கள், அதாவது பெட்டியில் ஒட்டும், கட்டணம் ஏற்கெனவே கணக்கில் ஏறிய முகவரிச் சீட்டு. தினமும் பத்து பார்சல் அனுப்புகிறவருக்குக் கூரியர் நிறுவனம் ஒப்பந்த விலை தருகிறது. சந்தைத் தளங்களுக்கு அதைவிடக் குறைவு. கவுண்டரில் போய் நிற்கும் உங்களிடம் முழு விலை வாங்குவார்கள். "உங்கள் கணக்கிலிருந்து ரிட்டர்ன் லேபிள் போட்டு அனுப்புங்கள், அந்தத் தொகையை ரீஃபண்டில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினால் விற்பவருக்கு நஷ்டம் இல்லை, உங்களுக்கு லாபம். நான் வேலை பார்த்த இடத்தில் இப்படிக் கேட்ட யாருக்கும் மறுத்ததில்லை. டிராக்கிங்கும் அவர் கணக்கிலேயே ஓடும் என்பதால் "வரவில்லை" என்ற பேச்சுக்கும் இடமில்லை.

வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கியவர்களுக்கு நிலைமை கடினம். அங்கிருந்து இலவச டெலிவரியில் வந்த பொருளைத் திருப்பி அனுப்பப் போனால் பொருளின் விலையைப்போல் இரண்டு மடங்கு கேட்பார்கள். இதற்குக் காரணம் 150 ஆண்டுகள் பின்னால் போகிறது. 1874-இல் பெர்ன் நகரில் அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தைத் தொடங்கியபோது, அனுப்பும் நாடு தபால்தலைப் பணத்தை வைத்துக்கொள்ளட்டும், பட்டுவாடா செய்யும் நாடு எதுவும் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பதில் வரும், கணக்கு நேராகிவிடும் என்ற நம்பிக்கை. அப்படி நேராகவில்லை என்பதால் 1969-இல், பட்டுவாடா செய்யும் நாட்டுக்கு ஒரு தொகை தரும் முறையைக் கொண்டுவந்தார்கள். அந்தத் தொகை வளரும் நாடுகளுக்குச் சலுகையாக இருந்தது. இணைய வணிகம் வந்ததும் சின்னப் பொட்டலங்கள் அந்தச் சலுகையில் உலகெங்கும் பறந்தன. அமெரிக்கா வெளியேறுவதாக எச்சரித்த பிறகு, 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் கூடிய சிறப்பு மாநாடு, நாடுகள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே அறிவிக்கும் முறைக்கு வழிவிட்டது. வந்த பாதையில் மொத்த விலையும் சலுகையும் இருந்தன. திரும்பும் பாதையில் நீங்கள் ஒற்றைப் பொட்டலத்தோடு உள்ளூர்க் கவுண்டரில் நிற்கும் தனி ஆள். பதில் கடிதத்துக்கு முழு விலை.

அதனால் வெளிநாட்டுப் பொருளில் மனம் மாறினால், அனுப்பும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். செலவு போக மிஞ்சுவது கொஞ்சம்தான் என்றால் உள்ளூரிலேயே மறுவிற்பனை செய்வது புத்திசாலித்தனம். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், சுங்கப் படிவத்தில் "திருப்பி அனுப்பும் பொருள்" என்ற கட்டத்தைக் குறியுங்கள். சிஎன் 22, சிஎன் 23 என்ற படிவங்களில் அந்தக் கட்டம் இருக்கும். "விற்பனைப் பொருள்" என்று குறித்தால் அங்கே வரி போடக்கூடும். விற்பவர் கட்ட மறுத்தால் பார்சல் திரும்ப உங்களிடமே வரும், செலவு இரட்டிப்பாகும். நீங்கள் கட்டிய இறக்குமதி வரி தனிக் கணக்கு. அதை விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை, சுங்கத் துறையிடமோ வரியைக் கட்டிய கூரியரிடமோ விண்ணப்பிக்க வேண்டும்.

வெளிநாட்டு விற்பனையாளர் தவறான பொருளை அனுப்பிவிட்டால் வேறு ஒரு பேச்சு வரும். "திருப்பி அனுப்பச் செலவு அதிகம், பொருளை வைத்துக்கொள்ளுங்கள், விலையில் 15 சதவீதம் தருகிறோம்" என்பார்கள். மறுத்தால் 25, அப்புறம் 40. தவறு அவர்களுடையது எனும்போது திருப்பிச் செலவும் அவர்களுடையது. அதை உங்கள் பாரமாகக் காட்டித்தான் இந்தப் பேரம் நடக்கிறது. அசையாமல் தளத்தின் புகார்ப் பகுதியிலேயே பேசுங்கள். புகாரை மூடினால் பணம் தருகிறேன் என்று யார் சொன்னாலும், பணம் கணக்கில் விழும் வரை மூடாதீர்கள். ஒருமுறை மூடிய புகாரைப் பல தளங்களில் மறுபடி திறக்க முடியாது. விலை குறைந்த பொருள் என்றால் திருப்பவே வேண்டாம், முழுப் பணமும் தருகிறோம் என்று தளமே சொல்வதுண்டு. அது உண்மையான தீர்வு, மறுக்க வேண்டியதில்லை.

பார்சலை வாசலிலேயே வாங்க மறுத்துவிட்டால் செலவு மிச்சம் என்று ஒரு யோசனை நிறையப் பேரிடம் இருக்கிறது. உடைந்து நசுங்கி வந்த பெட்டியை மறுப்பது சரி. ஆனால் மனம் மாறியதற்காக மறுப்பது ரத்து செய்ததாக ஆகாது. ஐரோப்பிய விதிப்படியும் வேண்டாம் என்பதைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும், மறுப்பது மட்டும் போதாது. எங்கே இருந்தாலும் எழுத்தில் சொல்லிவிட்டு மறுப்பதுதான் பாதுகாப்பு. இல்லாவிட்டால் அந்தப் பெட்டி ஏதோ ஒரு கிடங்கில் கிடக்கும், டிராக்கிங்கில் எந்த நடமாட்டமும் தெரியாது, பணம் எங்கே என்று கேட்க உங்கள் கையில் ஒரு ரசீதுகூட இருக்காது.

ரசீது என்றதும் என் மேசைக்கு வந்த ஒரு ஷூ பெட்டி நினைவுக்கு வருகிறது. புத்தம் புதிய ஷூ, ஒருமுறைகூட வெளியே போட்டதில்லை. ஆனால் வாங்கியவர் வெளிப்பெட்டி இல்லாமல், ஷூவின் சொந்தப் பெட்டி மேலேயே ஒட்டுநாடாவைச் சுற்றி லேபிளையும் ஒட்டி அனுப்பியிருந்தார். நாடாவைப் பிரித்ததும் மூடியின் அச்சிட்ட தாள் அதோடு உரிந்து வந்துவிட்டது. அந்தப் பெட்டியை வைத்து ஷூவைப் புதியது என்று விற்க முடியாது, தொகையில் கழித்தார்கள். ஒரு சாதாரண பிளாஸ்டிக் கூரியர் பையில் போட்டிருந்தால் முழுப் பணமும் கிடைத்திருக்கும். அனுப்பும் செலவை மட்டும் பார்த்துவிட்டு இந்த இடத்தில் இழப்பவர்கள் அதிகம். மூடும் முன் உள்ளே ஒரு படம், மூடிய பிறகு லேபிள் தெரிய ஒரு படம், தராசில் வைத்து ஒரு படம் எடுங்கள். டிராக்கிங் இல்லாத மலிவான சேவையில் அனுப்பிவிட்டுப் பார்சல் தொலைந்தால், அனுப்பியதை நிரூபிப்பது உங்கள் பாடு. ஐரோப்பிய விதியில் பொருள் வரும் வரையோ, அனுப்பியதற்கான ஆதாரம் வரும் வரையோ வணிகர் பணத்தைப் பிடித்துவைக்கலாம். அதனால் கவுண்டர் ரசீதை அன்றைக்கே படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

பேட்டரி உள்ள பொருள்களில் ஒரே ஒரு எச்சரிக்கை. லித்தியம் பேட்டரி உப்பியிருந்தாலோ சூடாகிறது என்றாலோ எந்தச் செலவுக்கும் அதைத் தபாலில் போடாதீர்கள். பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றத் தடை இருக்கிறது. தீப்பிடித்தால் சாதாரணமாக அணைக்க முடியாது. படம் எடுத்து விற்பவருக்கு அனுப்பி, அவர் ஏற்பாட்டில் எடுத்துப் போகச் சொல்லுங்கள். அலமாரி, கட்டில் மாதிரி தபாலில் அனுப்பவே முடியாத பொருள்களுக்கு, திருப்பிச் செலவு எவ்வளவு ஆகும் என்ற தொகையையே வாங்கும் முன் சொல்லியிருக்க வேண்டும் என்பது ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் விதி. மற்ற இடங்களில் நீங்களே முதலில் கேட்டுவிடுவது நல்லது.

உங்கள் விளக்குக்கு வருவோம். அளந்து பார்த்து, விவரத்தில் உள்ள அளவோடு ஒத்துப்போகவில்லை என்றால் தளத்தின் ரிட்டர்ன் பகுதியில் "விவரத்தில் உள்ளது போல் இல்லை" என்பதைத் தேர்ந்தெடுத்து, இரண்டு படங்களையும் இணைத்து இப்படி எழுதுங்கள்: "உங்கள் பக்கத்தில் உயரம் 38 செ.மீ. என்று இருக்கிறது. வந்த விளக்கு 52 செ.மீ. இருக்கிறது. டேப்போடு எடுத்த படம் இணைத்துள்ளேன். கட்டணம் செலுத்திய ரிட்டர்ன் லேபிள் அனுப்பிவையுங்கள். விலையும் முதல் டெலிவரி கட்டணமும் திரும்ப வேண்டும்."

அளவு சரியாகவே இருந்தால், மனம் மாறியது என்று உள்ளதைச் சொல்லி இதை எழுதுங்கள்: "விளக்கில் குறை எதுவும் இல்லை, என் மேசைக்குப் பெரிதாக இருக்கிறது. பயன்படுத்தவில்லை. மூடியைக் கழற்றி 40, 32, 32 செ.மீ. பெட்டியில் பத்திரமாகக் கட்டிவைத்திருக்கிறேன், எடை 2 கிலோ. உங்கள் கூரியர் கணக்கில் லேபிள் போட்டுத் தந்து அந்தத் தொகையை ரீஃபண்டில் கழித்துக்கொள்ள முடியுமா? எவ்வளவு ஆகும் என்று முதலில் சொல்லுங்கள்." அளவையும் எடையையும் நீங்களே கொடுத்துவிடுவதால் அவர் அங்கேயே விலை பார்த்துச் சொல்லிவிடுவார். நீங்கள் இருக்கும் இடத்தின் விதிப்படி முதல் டெலிவரி கட்டணம் உங்களுக்குச் சேர வேண்டியது என்றால், அதையும் இதே செய்தியில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். ரிட்டர்ன் காலக்கெடு எந்த நாளில் முடிகிறது என்று பார்த்து, அதற்குள் செய்தி தளத்தின் வழியாகவே போக வேண்டும். தொலைபேசியில் பேசியது பின்னால் எந்தக் கணக்கிலும் சேராது.